பூனைக்குத் தெள்ளு வந்தால் வீட்டைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூனைகளுக்கு வரும் தெள்ளுப்பூச்சித் தொல்லைக்கும் தோல் அரிப்புக்கும் வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் பூசலாம் என்றும், உணவில் பூண்டு சேர்த்துக் கொடுத்தால் தெள்ளு அண்டாது என்றும் தங்கள் நாளிதழின் வீட்டுக்குறிப்புப் பகுதியில் வெளிவந்திருந்த யோசனையை மறுத்து இதை எழுதுகிறேன். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட குறிப்புத்தான் அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மருந்துக் கடையொன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த வைத்தியம் பூனையின் உயிருக்கே உலை வைக்கக்கூடியது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் நாமே செய்யக்கூடியவை நிறைய உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பகுதி பூனையின் உடம்பில் செய்வதன்று. அது படுத்துறங்கும் துணியிலும், நடமாடும் தரையிலும் செய்வது.

முதலில் பூனையின் உடலமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனிதரின் கல்லீரலும் நாயின் கல்லீரலும் பல வேதிப்பொருள்களைக் கரையும் தன்மையுடையவையாக மாற்றிச் சிறுநீர் வழியாக வெளியேற்றிவிடுகின்றன. அந்த வேலைக்குத் தேவையான ஒரு நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவாகவே சுரக்கிறது. ஆகவே, நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் பொருள்கள்கூட பூனையின் உடலில் தங்கி நஞ்சாகின்றன. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. இதோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்: பூனை நாள் முழுவதும் தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. அதன் ரோமத்தில் நாம் எதைத் தடவினாலும் அது வயிற்றுக்குள்ளும் போகும். வெளியோடு நின்றுவிடும் பூச்சு மருந்து என்ற ஒன்று பூனைக்குக் கிடையாது என்றே கொள்ளலாம்.

கற்பூரம் தோல் வழியாகவே உடலில் ஏறி வலிப்பை உண்டாக்கக்கூடியது. யூகலிப்டஸ் தைலமும் தேயிலைமர எண்ணெயும் அப்படிப்பட்டவையே. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய்களும் பூனைக்கு ஆகாதவை. பூண்டும் வெங்காயமும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். தெள்ளை அவை விரட்டுவதுமில்லை. பாரஃபின் எனப்படும் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைப்பது, துணி அலமாரியில் போடும் நாப்தலின் உருண்டையைப் பூனையின் படுக்கைக்கு அடியில் வைப்பது, முற்றம் கழுவும் கருநிறக் கிருமிநாசினியையோ தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியையோ கலந்து குளிப்பாட்டுவது ஆகிய மூன்றும் நம் குடும்பங்களில் பாட்டி காலத்திலிருந்து நடந்துவருபவை. மூன்றும் பூனைக்கு நஞ்சே. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் அவ்வளவு கேடு செய்யா, ஆனால் தெள்ளுக்கு அவற்றால் ஒன்றும் ஆவதில்லை.

வேம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வேம்பு என்றதும் நம் மக்களுக்கு நம்பிக்கை பிறந்துவிடுகிறது. வேப்பெண்ணெய் பூசப்பட்ட பூனைகள் உமிழ்நீர் வடிந்து, நடுங்கி, வலிப்புக் கண்டு மருத்துவரிடம் கொண்டுவரப்பட்டதுண்டு. இங்கே இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. மாரியம்மன் பூசைக்கு வேப்பிலை கிடைக்காத இடங்களில் சிரிங்கா மரத்தின் இலையை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்நாட்டில் நம்மவரிடம் வந்துவிட்டது. சிரிங்கா வேம்பின் உறவுமரமே ஒழிய வேம்பன்று. அதன் மஞ்சள்நிறக் கனிகளைத் தின்று நாய்களும் பன்றிகளும் நஞ்சேறி இறந்திருக்கின்றன. அம்மன் சந்நிதியில் வைப்பதற்கு அது பொருத்தமாக இருக்கலாம். அதை அரைத்துப் பிராணிகளின் தோலில் பூசுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் அஞ்சுவது, நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கும் பங்கிட்டு விடுவதை. பிடரியில் விடும் சொட்டு மருந்துகளுள் நாய்களுக்கென விற்கப்படும் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பொருள் மிகுந்த அடர்த்தியில் இருக்கிறது. நாய் அதைத் தாங்கும். பூனைக்கு அதே மருந்தின் சில துளிகள் போதும், சில மணி நேரத்திற்குள் காது துடிக்கத் தொடங்கி, உடல் முழுவதும் நடுங்கி, வலிப்பு வந்து இறந்தும் போகலாம். பெரிய நாயின் மருந்தை வாங்கி, கால் பங்கை அளந்து பூனைக்கு விட்டால் பணம் மிச்சமாகும் என்று எண்ணி வந்தவர்களை நான் கடையில் பலமுறை தடுத்திருக்கிறேன். பூனையைக் குட்டி நாயாக எண்ணி அளவை மட்டும் குறைத்துக் கொடுப்பது பெருந்தவறு. நாய்க்கு அந்த மருந்தை விட்ட வீட்டில் பூனையும் இருந்தால், மருந்து காயும்வரை இரண்டையும் பிரித்து வைப்பது அவசியம். அந்த நாயோடு ஒட்டிப் படுத்தும், அதன் ரோமத்தை நக்கியும் பாதிக்கப்படும் பூனைகள் உண்டு.

தெருவோரத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலங்களில் விற்கப்படும் பூச்சி மருந்துகளைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. 2024 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கின் சொவேட்டோவிலுள்ள நலேடி பகுதியில் ஆறு சிறுவர்கள் இறந்ததற்கு, பயிர்களுக்காகத் தயாரிக்கப்படும் டெர்புஃபோஸ் என்ற பூச்சிக்கொல்லியே காரணம் என்று சுகாதார அமைச்சர் அறிவித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எலிக்கும் கரப்பானுக்கும் என்று வாங்கப்படும் இத்தகைய பொடிகளைத் தெள்ளுக்காகத் தரையில் தூவுவோர் இருக்கிறார்கள். அந்தத் தரையில்தான் நம் பேரப்பிள்ளைகள் தவழ்கிறார்கள்.

இனி, தெள்ளுத்தானா என்று உறுதிசெய்வதற்கு வருகிறேன். பூனையை வெள்ளைத் தாளின்மேல் நிறுத்தி, பேன்சீப்பால் முதுகிலிருந்து வாலடிவரை வாருங்கள். மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகள் தாளில் விழுந்தால் அவற்றின்மேல் சிறிது தண்ணீர் தெளியுங்கள். செம்பழுப்பு நிறம் கசிந்து பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது தெள்ளு உறிஞ்சிக் கழித்த பூனையின் இரத்தம். மண்ணாக இருந்தால் நிறம் கசியாது. தெள்ளே கண்ணில் படவில்லை, ஆகவே இது வேறு நோய் என்று முடிவுகட்டுவோர் மிகப் பலர். தெள்ளின் உமிழ்நீர் சில பூனைகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது. அப்படிப்பட்ட பூனைக்கு ஒன்றிரண்டு கடிகளே போதும், நாள்கணக்கில் அரிப்பு நீடிக்கும். அரிப்பு தாங்காமல் ஓயாது நக்கும்போது கடித்த தெள்ளையும் அது விழுங்கிவிடுகிறது. வாலடியிலும், வயிற்றிலும், தொடையின் உட்புறத்திலும் ரோமம் உதிர்ந்திருந்தாலோ, கழுத்தைச் சுற்றியும் முதுகிலும் தினையளவு பொருக்குகள் கைக்குத் தட்டுப்பட்டாலோ, தெள்ளைக் காணாவிட்டாலும் முதலில் தெள்ளையே சந்தேகிக்க வேண்டும். அப்படி விழுங்கிய தெள்ளின் வழியாக நாடாப்புழுவும் பூனையின் குடலுக்குள் சேர்கிறது. ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தால், தெள்ளு மருந்தோடு புழு மருந்தும் தேவைப்படும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதைப் புரிந்துகொள்ளத் தெள்ளின் வாழ்க்கையை அறிய வேண்டும். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள்வரை இடக்கூடும். அவை பூனையின் ரோமத்தில் ஒட்டிக்கொள்வதில்லை; பூனை படுக்கும் இடத்திலும் தாவும் இடத்திலும் உதிர்ந்துவிடுகின்றன. முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சிக் கம்பளத்தின் அடிக்கும், பலகைத் தரையின் இடுக்குக்கும், சோபாவின் மடிப்புக்கும் போய், அங்கே விழுந்து கிடக்கும் தெள்ளின் எச்சத்தைத் தின்று வளர்கிறது. பிறகு கூட்டுப்புழுவாகி, தூசி ஒட்டிய கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்கு முடியும். காலடி அதிர்வும், உடல் வெப்பமும், மூச்சுக்காற்றும் பட்டவுடன் கூட்டைப் பிளந்து வெளியே வரும். விடுமுறைக்குப் போய்ப் பல வாரங்கள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் கணுக்காலில் தெள்ளுக் கூட்டம் மொய்ப்பதற்கு இதுவே காரணம். நம் கண்ணுக்குத் தெரியும் வளர்ந்த தெள்ளுகள் மொத்தத்தில் சுமார் 5 விழுக்காடே. எஞ்சிய 95 விழுக்காடும் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டுக்குள் இருக்கின்றன. பூனையின்மேல் எவ்வளவு எண்ணெய் தடவினாலும் இந்தத் தொண்ணூற்றைந்தை அது தொடுவதே இல்லை.

டர்பனின் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரமிருக்கிறது. மழையும் வெயிலும் மாறிமாறி வரும் கோடையில் இரண்டு மூன்று வாரங்களிலேயே ஒரு தலைமுறை தெள்ளு உருவாகிவிடும். நமது குளிர்காலமும் அதை அழிக்குமளவு கடுமையானதன்று. எங்கள் சாட்ஸ்வர்த் பகுதியில் 1960களில் எழுப்பப்பட்ட வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, பூனைகளோ மதில் தாண்டிப் பல முற்றங்களில் படுத்து எழுபவை. அண்டை வீட்டாரும் சேர்ந்து ஒரே காலத்தில் மருந்திட்டால் பயன் பன்மடங்காகும். ஒரே வீட்டில் நாயும் பூனையும் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், அதனதன் மருந்தை இட வேண்டும்.

பூனை படுக்கும் துணிகளை வாரத்துக்கொரு முறை 60 பாகை வெப்பமுள்ள தண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள். கம்பளத்தையும், சோபாவின் அடியையும், கட்டிலுக்குக் கீழேயும், சுவரோரங்களையும் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் நாள்தோறும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் இழுத்து, அதன் பையை உடனே கட்டி வெளித்தொட்டியில் போட்டுவிடுங்கள். அந்த அதிர்வே கூட்டுப்புழுக்களை வெளியே வரத் தூண்டும் என்பதால் இதில் இரட்டை நன்மை இருக்கிறது. இயந்திரம் இல்லாத வீட்டில் கம்பளத்தைச் சுருட்டி எடுத்து வெளியே போட்டுத் தட்டி, வெயிலில் கிடத்தி, தரையை நன்றாகக் கூட்டிச் சோப்புத் தண்ணீரால் கழுவினாலே பெரும்பயன் கிடைக்கும். பூச்சித் தெளிப்பான் வாங்குவதானால், முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் மெத்தோபிரீன் அல்லது பைரிபிராக்சிஃபென் கலந்ததைக் கேட்டு வாங்குங்கள். தெளித்த இடம் முற்றிலும் காய்ந்து காற்றோட்டம் பெறும்வரை பூனை உள்ளே வரக் கூடாது. மீன்தொட்டி இருந்தால் அதை முன்கூட்டியே வெளியேற்றிவிடுவது நல்லது. ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டுத் தெள்ளு இன்னும் இருக்கிறதே என்று மருந்தைக் குறைகூற வேண்டாம். கூட்டுக்குள் இருப்பவை எல்லாம் வெளிவந்து முடியக் குறைந்தது மூன்று மாதமாகும், அதுவரை பூனையின் மருந்தும் இடைவிடாமல் தொடர வேண்டும்.

பூனையின் உடம்பைப் பொறுத்தவரை, நாள்தோறும் பேன்சீப்பால் வாரி, சிக்கும் தெள்ளுகளைச் சோப்புத் தண்ணீரில் அமிழ்த்துவதைவிட நல்ல வீட்டு வைத்தியம் எனக்குத் தெரியாது. எட்டு வாரம் நிறையாத குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் ஆகாதென்பதால், சீப்பும், வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு கலந்த குளியலும், உடனே துவட்டி வெதுவெதுப்பாக வைப்பதுமே அவற்றுக்கு வழி. தெள்ளு மிகுந்த குட்டிகள் இரத்தம் இழந்தே இறந்துபோகவும் கூடும். ஈறு வெளுத்திருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. சொறிந்து புண்ணான இடத்தை, கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவலாம். மனிதருக்கான அரிப்புக் களிம்புகளைத் தடவக் கூடாது.

மருந்து வாங்கும்போது பெட்டியில் பூனைக்கென்று அச்சிட்டிருக்கிறதா, எத்தனை கிலோ எடைக்கு, எத்தனை வார வயதுக்கு மேல் என்பவற்றைப் பாருங்கள். உரம், தீவனம், கால்நடை மருந்து முதலியவற்றின் பதிவுக்கான 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி பதிவான மருந்தானால் அதன் பதிவெண்ணும் அங்கே இருக்கும். செலமெக்டின், இமிடாகுளோபிரிட் போன்றவை பூனைக்கென்றே உரிய அளவில் கிடைக்கின்றன. வசதி குறைந்தவர்கள் அருகிலுள்ள பிராணிவதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.வின் நிலையத்தை அணுகிக் கேட்கலாம்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அரிப்பு தீராவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம். வட்டவட்டமாக ரோமம் உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கக்கூடும். அது பிள்ளைகளுக்கும் தொற்றும். காதில் காப்பித்தூள் போன்ற அழுக்குச் சேர்ந்து, தலையை உதறிக்கொண்டே இருந்தால், காதுக்குள் வாழும் செள்ளு என்ற வேறொரு நுண்பூச்சி காரணமாக இருக்கலாம். வெள்ளைப் பூனையின் காது நுனியிலோ மூக்கிலோ ஆறாத பொருக்கு இருந்தால், நம் நாட்டு வெயிலில் அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாமாகையால் காத்திருக்கவே வேண்டாம்.

யாராவது ஏற்கெனவே பூனைக்கு நாய் மருந்தையோ கற்பூர எண்ணெயையோ தடவியிருந்தால், நடுக்கம் தொடங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் பூசியதைக் கழுவி, துண்டில் சுற்றி, நக்க விடாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நடுக்கமோ வலிப்போ தொடங்கிவிட்டதென்றால் கழுவுவதில் நேரம் செலவிடாமல் நேரே புறப்படுங்கள். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம், பாலோ எண்ணெயோ புகட்ட வேண்டாம். மருந்தின் பெட்டியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பொருள் எவ்வளவு என்பதை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.