ராட்டினமும் நம் பள்ளியும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஓணத்தை ஒட்டி நாகர்கோவிலில் ஊர் நடுவே ராட்டினம் போட்டிருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. கடைசிப் பீரியடில் வயிற்றுவலி வருகிறவர்கள் திடீரென்று கூடிவிட்டார்கள். அந்த வலி எங்கே போனால் தீரும் என்று எங்களுக்கும் தெரியும். பெற்றோர் நேரில் வராமல், மணி அடிக்கும் முன் யாரையும் வெளியே விடமாட்டோம்.

மற்றபடி தாராளமாகக் கூட்டிப் போங்கள். காலாண்டுத் தேர்வு வருகிறதே என்று ஒரு சாயங்காலத்தைக் கூட மறுக்க வேண்டாம். ஆனால் நீங்களும் கூடவே ஏறுங்கள். பெண்பிள்ளைகள் சடையை மடித்துக் கட்டியிருக்க வேண்டும், துப்பட்டா தொங்கக் கூடாது. முடியோ துணியோ சுற்றுகிற கம்பியில் சிக்கினால் ராட்டினம் உடனே நிற்காது. பெட்டிக்குள் எழுந்து நின்று செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இன்னும் முழுதாக அடங்கவில்லை. கீழே இலை அசையாத நேரத்திலும் மேலே நல்ல காற்று இருக்கலாம். அதற்காக நிறுத்தி வைத்தால், டிக்கெட் எடுத்தாச்சே என்று சண்டைக்குப் போகாதீர்கள். நிறுத்துகிறவர் தொழில் தெரிந்தவர்.

சரி, இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். ராட்டினக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த அக்காவும் தம்பியும் நம் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள். அக்கா ஏழாம் வகுப்பு, தம்பி நான்காம் வகுப்பு. "சில வாரத்தில் போகப்போகிற பிள்ளைகளை எதற்குச் சேர்க்க வேண்டும், டிசி கூட இல்லையாமே" என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. கேட்டதில் தப்பில்லை, பதிலும் எளிதுதான். 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உரிமை என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கவும் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. சட்டத்தை விடுங்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பாவின் போனுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் நம் வகுப்பு ஒவ்வொன்றிலும் உண்டு. பிழைப்பு ஓரிடம், குடும்பம் ஓரிடம் என்பது நம் ஊருக்குப் புதிதா என்ன? இந்தக் குடும்பம் மொத்தமாகச் சேர்ந்தே ஊர் ஊராகப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சிறுமி முதல் நாள் வாயே திறக்கவில்லை. மறுநாள் அறிவியல் வகுப்பில் ஆசிரியை ராட்டினத்தைப் பற்றிக் கேட்க, எழுந்து கரும்பலகைக்கே போய்விட்டாள். வட்டம் போட்டு, பெட்டிகளைக் குறித்து, இங்கே நாலு பேர் ஏறினால் அடுத்து நேர் எதிர்ப் பெட்டிக்கு ஆள் ஏற்ற வேண்டும் என்று காட்டினாள். "ஒரே பக்கமா ஏத்துனா மோட்டார் திணறும் டீச்சர்." பெட்டி ஏன் கவிழவில்லை என்று ஒருவன் கேட்டான். தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துக் கையை மேலும் கீழும் சுற்றிக் காட்டினாள். பாட்டில் எப்போதும் நிமிர்ந்தே தொங்கியது. பாரம் பிடிமானத்துக்குக் கீழே இருப்பதுதான் காரணம். புதிய ஊருக்கு வந்ததும் முதல் வேலை, தரையில் கட்டை அடுக்கி ரசமட்டம் பார்ப்பதாம். மட்டம் சரியாக வராமல் அவள் அப்பா ஒரு கம்பியைக் கூட ஏற்றமாட்டாராம். அறிவியல் ஆசிரியை குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

அதிலிருந்து மற்ற வகுப்புகளிலும் ராட்டினம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சமூக அறிவியல் ஆசிரியர் சொன்ன விஷயம் உங்களுக்கும் பிடிக்கும். 1892 டிசம்பரில் நம் குமரிமுனைப் பாறையில் தியானம் செய்த விவேகானந்தர், 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் பேசினார் அல்லவா? அந்தச் சர்வ சமயப் பேரவை, அங்கே நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டிக் கூடியதுதான். அதே கண்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் கட்டிய ராட்டினம் அப்போது அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. உயரம் 264 அடி. திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி; இரண்டு சிலையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இரண்டடிதான் கூடும். 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். மொத்தம் எத்தனை பேர் என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டால் இப்போது 2,160 என்று கூவுகிறார்கள். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது இந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். ராட்டினம் ஏறப் பணமில்லாத வீடுகளும் இருக்கின்றன. எத்தனை தடவை ஏறினேன் என்று பள்ளியில் பெருமையடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். அப்புறம், "ராட்டினக்காரன் பிள்ளை" என்று ஒரு கூப்பாடு என் காதுக்கு வந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் இருக்கிறது. வீட்டிலும் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரத்தில், ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ராட்டினத்தடிக்கு அழைத்துப் போகிறோம். மோட்டார், கம்பிகளைப் பூட்டும் பின், அடிக்கட்டை எல்லாவற்றையும் அந்தச் சிறுமியின் அப்பா காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சவாரி கிடையாது, கட்டணமும் கிடையாது. இணைத்துள்ள சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பணம் கொடுத்துவிட வேண்டாம். டெல்லி அப்பளக் கடை அந்த நேரத்தில் திறந்திருக்காது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்