கும்பகோணத்தில் பதிவு, திருச்சியில் தங்கல்: சோழ நாட்டுக் கார் பயணம் குறித்துப் பயண நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்.

பொருள்: டிசம்பர் பள்ளி விடுமுறைப் பயணத்தில் தங்கும் ஊரை எங்கள் சம்மதமின்றி மாற்றியதும், அதன் காரணமாகக் கூடுதல் கட்டணம் வசூலித்ததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

சென்ற டிசம்பர் பள்ளி விடுமுறையில் தங்கள் நிறுவனத்தின் மூலம் நாங்கள் குடும்பத்தோடு மேற்கொண்ட சோழ நாட்டுக் கார் பயணத்தில், கும்பகோணத்தில் தங்குவதாக உறுதிசெய்யப்பட்டிருந்த ஏற்பாடு, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் திருச்சிக்கு மாற்றப்பட்டது. திருச்சி விமான நிலையத்தில் இறங்கி, பெட்டிகளைக் காரில் ஏற்றிய பிறகு, ஓட்டுநர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியவந்தது. நான் அனுப்பிய மின்னஞ்சலுக்குத் தாங்கள் அளித்த பதிலில், திருச்சி விடுதி கும்பகோணம் விடுதியைவிட ஒரு நட்சத்திரம் உயர்ந்தது என்றும், குறிப்பிட்ட விடுதி கிடைக்காவிட்டால் அதற்கு இணையான விடுதியில் தங்கவைக்கலாம் என்ற நிபந்தனை பயணத் திட்டத்திலேயே உள்ளது என்றும், ஆகவே எங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை என்றும் தெரிவித்திருந்தீர்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முழுவதும் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், கும்பகோணத்தை நாங்கள் ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். எழுபது வயதைக் கடந்த என் தாயார் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். முழங்கால் வலியால் நீண்ட நேரம் காரில் உட்கார முடியாதவர். என் மகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பாட்டி, பேத்தி இருவருக்கும் ஏற்ற பயணமாக அமைய வேண்டுமானால் ஒரே ஊரில் தங்கி, பெட்டியை ஒருமுறை மட்டும் அவிழ்த்து, அங்கிருந்து நாள்தோறும் குறைந்த தூரம் போய்வருவதே நல்லது என்று முடிவு செய்தோம். அந்த ஊர் திருச்சியா, தஞ்சாவூரா, கும்பகோணமா என்பதைத் தங்கள் அலுவலகத்தில், மேசைமீது வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, தங்கள் ஊழியருடன் நெடுநேரம் பேசித்தான் தீர்மானித்தோம். நாங்கள் பார்க்க விரும்பியவற்றுள் பெரும்பாலானவை தஞ்சைக்குக் கிழக்கே இருப்பதால் கும்பகோணமே சரியான ஊர் என்று சொன்னவரும் அந்த ஊழியர்தான். அவருடைய ஆலோசனை சரியான ஆலோசனை. அதை நம்பியே முழுத் தொகையையும் முன்கூட்டிச் செலுத்தினோம்.

தூரங்களைக் கவனித்தால் அந்த ஆலோசனையின் நியாயம் தங்களுக்கும் விளங்கும். கும்பகோணத்திலிருந்து தாராசுரம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். அணைக்கரை வழியாகக் கொள்ளிடம் ஆற்றைக் கடந்தால் கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். மேற்கே தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். உலோகப் படிமங்கள் வார்க்கும் சுவாமிமலை பக்கத்து ஊர். யுனெஸ்கோ 1987இல் தஞ்சைப் பெரிய கோயிலை உலக மரபுச் சின்னமாக அறிவித்து, 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் அதனுடன் சேர்த்தது. இந்த மூன்று கோயில்களையும் அலைச்சலின்றிக் காண்பதற்குக் கும்பகோணத்தைவிட வாகான இடம் இல்லை. திருச்சியோ தஞ்சைக்கும் மேற்கே 55 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து கும்பகோணம் போவதென்றால் ஒரு வழிக்கே ஏறத்தாழ 95 கிலோமீட்டர். அதாவது, நாங்கள் காண வந்த பகுதியின் எல்லையைத் தொடுவதற்கே நாள்தோறும் காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவாயிற்று. மாலையில் அதே நேரம் திரும்பி வருவதற்கும் செலவாயிற்று.

இழந்தது காலையும் மாலையும் என்பதே இதில் மிக முக்கியமானது. தமிழ்நாட்டுக் கோயில்களில் நண்பகல் 12 மணியளவில் நடை சாத்தினால் மாலை 4 மணியளவில்தான் திறப்பார்கள். இது சுற்றுலா ஏற்பாடு செய்யும் எவரும் அறிந்த செய்தி. டிசம்பரில் அங்கே மாலை 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சிங்கப்பூரைப் போல 7 மணிவரை வெளிச்சம் இருக்காது. வடகிழக்குப் பருவமழை ஓயாத மாதமும்கூட. ஆக, கோயில் பார்க்க வந்தவருக்கு டிசம்பரில் கிடைப்பது முற்பகலும், மாலையில் இரண்டு மணி நேரமும் மட்டுமே. அந்த இரண்டு பொழுதுகளையும் நெடுஞ்சாலையில் கழிக்க வைத்துவிட்டு, நடை சாத்திய நண்பகலில் எங்களைக் கோயில் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டது தாங்கள் மாற்றிய ஏற்பாடு.

கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்தது இதுவே. இராசேந்திர சோழன் தன் தலைநகரில் எழுப்பிய அந்தக் கோயிலின் கருவறையில் 13 அடியளவு உயரமுள்ள இலிங்கம் இருக்கிறது. என் தாயார் அதைத் தரிசிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலைச் சிற்றுண்டி முடிந்தவுடன் திருச்சியை விட்டுப் புறப்பட்டோம். தாயாருக்காக வழியில் நிறுத்தி நிறுத்திச் சென்று, பாபநாசம், அய்யம்பேட்டைக் கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்து, குறுகிய அணைக்கரைப் பாலத்தில் காத்திருந்து, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியாயிற்று. வெளிச்சுவரில், அடியாரான சண்டேசருக்குச் சிவபெருமான் கொன்றை மாலை சூட்டும் சிற்பத்தைப் பார்த்தோம். அதன் அழகை எழுத எனக்குச் சொற்கள் போதா. ஆனால் திருச்சிக்குத் திரும்ப வேண்டிய தூரத்தை எண்ணி 4 மணிவரை காத்திருக்க முடியாமல், தரிசனம் இல்லாமலே தாயாரை அழைத்துக்கொண்டு வந்தோம். கும்பகோணத்தில் தங்கியிருந்தால் காலை 7 மணிக்குப் புறப்பட்டு 8 மணியளவில் அந்தக் கருவறை முன் நின்றிருப்பார். இரவுவரை அவர் எதுவும் பேசவில்லை.

வேறொரு நாள் மாலை, திருச்சிக்குத் திரும்பும் வழியில் தாராசுரத்தில் இறங்கினோம். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், தஞ்சைப் பெரிய கோயிலைப் போல 200 அடிக்கு மேல் உயர்ந்து நின்று தொலைவிலிருந்தே கண்ணை நிறைப்பதன்று. கிட்டே போய், குனிந்து, ஒவ்வொரு கல்லாகப் பார்க்க வேண்டியது. கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் அறுபத்து மூன்று நாயன்மார்களின் வரலாறு சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சோழர் காலத் தமிழெழுத்தில் விளக்கக் குறிப்பும் பொறித்திருக்கிறார்கள். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட காட்சியை என் மகள் பள்ளி ஒப்படைப்புக்காக வரைந்து கொண்டுவர எண்ணியிருந்தாள். நாங்கள் உள்ளே போனபோதே பொழுது சாய்ந்துவிட்டது. கைபேசி விளக்கை அவள் கல்லோடு ஒட்டிப் பிடிக்க, நான் பக்கத்தில் மண்டியிட்டு எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெயரைப் படித்து முடிப்பதற்குள் எழுத்தின் விளிம்பு இருளில் மறைந்துபோயிற்று. அவளுடைய வரைதாள் வெறுமையாகவே திரும்பி வந்தது. தாங்கள் குறிப்பிடும் அந்தக் கூடுதல் நட்சத்திரத்தால் இதை ஈடுசெய்ய முடியுமா என்று கேட்க விரும்புகிறேன்.

மார்கழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் பயணத் தேதியை டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு வைத்ததே மார்கழி பிறந்த பிறகு அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். இதைப் பதிவுப் படிவத்தின் சிறப்புக் கோரிக்கைப் பகுதியில் எழுதியும் கொடுத்தோம். சாரங்கபாணி, ஆதி கும்பேசுவரர், நாகேசுவரர் கோயில்கள் எல்லாம் ஊருக்குள் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தூரத்தில் இருப்பவை. விடியுமுன் எழுந்து குளித்து, வாசலில் கோலமிட்ட தெருக்கள் வழியாக மெல்ல நடந்து சாரங்கபாணி சன்னிதிக்குப் போய் மார்கழி வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் தாயாரின் விருப்பம். திருச்சியிலிருந்து அதற்கு வருவதானால் நள்ளிரவு கடந்து 2 மணியளவில் புறப்பட வேண்டும். முழங்கால் வலியுள்ள ஒரு முதியவரிடம் அதை எப்படிக் கேட்பது? திருவரங்கத்தில் தரிசனம் செய்தோம். அது பெரும் பேறுதான். ஆயினும் ஒரு தலத்துக்குப் பதிலாக வேறொரு தலத்தைத் தங்கள் நிறுவனம் தேர்ந்து கொடுக்க முடியாது.

பணம் தொடர்பான பகுதிக்கு வருகிறேன். எங்கள் ஒப்பந்தத்தில் காருக்கு நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் என்று வரம்பு இருந்தது. கும்பகோணத்திலிருந்து சிதம்பரம் போய், 1620இல் டேனியர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடிக்கு இறங்கி, மீண்டும் கும்பகோணம் வந்தால் ஏறத்தாழ 185 கிலோமீட்டர்தான் ஆகும், வரம்புக்குள் அடங்கிவிடும். அதே பயணத்தைத் திருச்சியிலிருந்து செய்தால் 350 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அவ்வாறு தாண்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடுதல் கட்டணமும், இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பியதற்காக ஓட்டுநரின் இரவு பேட்டாவும் (இரவு நேரப் படித்தொகை) கடைசி நாளில் எங்களிடம் வசூலிக்கப்பட்டன. தங்கும் ஊரை மாற்றியது தாங்கள். அதனால் நீண்ட தூரத்துக்குப் பணம் கொடுத்தது நாங்கள். இதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஓட்டுநர்மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். என் தாயாரை அம்மா என்றே அழைத்து, இறங்கும்போதெல்லாம் கைகொடுத்து உதவியவர் அவர். தரங்கம்பாடியிலிருந்து திரும்பிய இரவில் தூக்கம் கண்ணைச் சொருக, வண்டியை ஓரமாக நிறுத்தித் தேநீர்க் கடையில் முகம் கழுவிக்கொண்டு ஓட்டினார். விளக்கில்லாமல் எதிரே வரும் டிராக்டரும், அறிவிப்பில்லாத வேகத்தடையும் உள்ள சாலைகள் அவை. பின் இருக்கையில் தாயாரும் மகளும் உறங்க, முன் இருக்கையில் நான் அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒரு மனிதரை அந்த நிலைக்கு ஆளாக்கியது தங்கள் ஏற்பாடு. இது வெறும் வசதிக் குறைவன்று, நால்வரின் உயிர்ப் பாதுகாப்பு தொடர்பானது.

திருச்சி குறைவான ஊர் என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானத்தில் நான்கு மணி நேரத்தில் சென்று சேரலாம். திருவரங்கம், மலைக்கோட்டை, கல்லணை ஆகியவற்றையும், தெற்கே கொடும்பாளூர், நார்த்தாமலை, சித்தன்னவாசலையும் காண விரும்புவோருக்குத் திருச்சியே தங்குவதற்கு ஏற்ற ஊர். நாங்கள் அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டவில்லை. கும்பகோணத்தில் அறை கிடைக்காத நிலை உண்மையிலேயே ஏற்பட்டிருந்தால், தஞ்சாவூரைப் பற்றி எங்களிடம் கேட்டிருக்கலாம். நாங்கள் ஒப்புக்கொண்டிருப்போம், பெரிய கோயிலும் அரண்மனைக் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளும் அங்கேயே இருக்கின்றன, கிழக்கே போகும் தூரமும் பாதிக்கு மேல் குறைந்திருக்கும். அல்லது தேதியை மாற்றவோ பயணத்தை ரத்துசெய்து பணத்தைத் திரும்பப் பெறவோ எங்களுக்கு வாய்ப்பளித்திருக்கலாம். புறப்படும் முன்பே ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய காரியம். ஒரு விடுதிக்குப் பதிலாக அதே ஊரில் வேறொரு விடுதியைக் கொடுப்பதற்குத்தான் அந்த நிபந்தனை இடமளிக்கும். 95 கிலோமீட்டர் தள்ளி, வேறொரு மாவட்டத்தில் தங்கவைப்பதற்கு அது இடமளிக்கும் என்று எந்தப் பயனீட்டாளரும் எண்ணிக் கையெழுத்திடமாட்டார்.

ஆகவே, கூடுதல் கிலோமீட்டர் கட்டணத்தையும் இரவு பேட்டாவையும் முழுமையாகத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட சேவை வழங்கப்படாததால் பயணத் தொகையில் தங்குமிடத்துக்கும் காருக்கும் உரிய பகுதியிலிருந்து பாதியை இழப்பீடாகக் கோருகிறேன். அறையில் உறங்கியதையும் காரைப் பயன்படுத்தியதையும் கருத்தில் கொண்டே முழுத் தொகையையும் கேட்கவில்லை. என் தாயாருக்குத் தங்கள் நிறுவனம் எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இனி, தங்கும் ஊரை மாற்ற நேர்ந்தால் புறப்படும் முன்பே வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெறுவதாகத் தங்கள் பயணத் திட்டங்கள் அனைத்திலும் தெளிவாக அச்சிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 2028இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது; அப்போது இங்கிருந்து திரளாகப் போகும் குடும்பங்களுக்கு அந்த ஊரில் அறை கிடைப்பது இன்னும் அரிதாகும். எங்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேரக் கூடாது.

இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். உரிய பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடுவேன். அங்கும் தீர்வு காண இயலாவிட்டால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு அளிப்பேன். தங்களுடன் நேரில் பேசித் தீர்த்துக்கொள்வதையே விரும்புகிறேன். வார நாள்களில் மாலை 6 மணிக்குப் பிறகு எந்த நாளானாலும் தங்கள் அலுவலகத்துக்கு வர ஆயத்தமாக இருக்கிறேன்.

கும்பகோணம் என்று குறிப்பிட்ட பயண உறுதிச் சீட்டு, சிறப்புக் கோரிக்கையுடன் கூடிய பதிவுப் படிவம், திருச்சி விடுதியின் ரசீது, காரின் கிலோமீட்டர் பதிவேட்டுப் பக்கங்கள், கூடுதல் கட்டண ரசீது, தங்கள் மின்னஞ்சல் பதில் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்