செந்திலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செந்தில்,

சிங்கப்பூர் தெகோங் தீவின் ராணுவப் பயிற்சி முகாமில் ஆளாளுக்குத் தங்கள் பெயரின் அர்த்தத்தைச் சொன்னபோது, நீ கூகளைப் பார்த்து 'படைத்தலைவன்' என்று சொன்னதாக எழுதியிருந்தாய். இல்லையப்பா. படைத்தலைவன் முருகன். செந்தில் அவன் குடியிருக்கும் ஊர். திருச்செந்தூரின் பழைய பெயர் அதுதான்.

எவ்வளவு பழையது என்றால், புறநானூற்றின் 55ஆம் பாட்டிலேயே இருக்கிறது. மருதன் இளநாகனார் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார்: வெண்மையான அலைகள் மோதும் செந்திலில், நெடுவேள் நிலைபெற்ற அழகிய துறையில், கடுங்காற்று கொண்டுவந்து குவித்த மணலைவிடப் பல நாள் வாழ்க! நெடுவேள் என்பது முருகன். சாமிக்கு ஒரு பெயர், ஊருக்கு ஒரு பெயர் என்று புலவர் தனித்தனியாகவே சொல்லிவிட்டார். சிலப்பதிகாரக் குன்றக்குரவையும் 'சீர்கெழு செந்திலும் செங்கோடும்' என்று முருகன் நீங்காத ஊர்களின் வரிசையில்தான் உன் பெயரை வைக்கிறது.

சூரபத்மனை வென்ற இடம் என்பதால் செயந்திபுரம், அது மருவிச் செந்தில் ஆனது என்றும் ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. புறநானூற்றுப் பாட்டில் அலை இருக்கிறது, மணல் இருக்கிறது, சூரபத்மன் பேச்சே இல்லை.

சரி, ஊர்ப் பெயர் ஆள் பெயரானது எப்படி? சாமியின் ஊரையே பிள்ளைக்கு வைப்பது நம்மவர்கள் வழக்கம். பழனி, சிதம்பரம், அருணாசலம் எல்லாம் அப்படி வந்தவைதான். உனக்கு முதலில் உன் தாத்தா சொன்னது செந்தில்வேலன். பள்ளிக்கூடத்தில் மென்று துப்பிவிடுவார்கள் என்று பயந்து, பிறப்புச் சான்றிதழில் உங்கம்மா வேலனை வெட்டிவிட்டாள். எனக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து நீ பால்குடம் எடுத்துப் போகிறாயே, 1859இல் செட்டியார்கள் கட்டிய அந்த டேங்க் ரோடு கோயிலில் இருப்பவர் தெண்டாயுதபாணி. கையில் தண்டோடு நிற்கும் பழனிக் கோலம் அது. பழனி மலை, உன் பெயருக்குரிய செந்திலோ கடற்கரை. அறுபடை வீடுகளில் கடலை ஒட்டியிருப்பது அது ஒன்றுதான்.

அதனால் இனி யாராவது கேட்டால், 'முருகன் கோயில் இருக்கிற கடற்கரை ஊர்' என்று சொல். சீன, மலாய் நண்பர்களுக்கு அது போதும். தமிழ்ப் பையன்கள் கவுண்டமணியையும் வாழைப்பழத்தையும் இழுத்தால், அதற்கு மாமாவிடம் மருந்து கிடையாது.

அன்புடன்,
மாமா