எந்தக் கடன் முதலில்? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து சித்தப்பா மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

கடன் கணக்கு எழுதும் உன் 555 புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். பார்த்தேன். போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லியே வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பேரைப் போடாவிட்டால் பொதுவிலேயே எழுதலாம் என்று நீதான் சொன்னாய். நம் சுங்கை சிப்புட்டில் இதே கணக்கோடு தூக்கம் கெட்டுக் கிடக்கும் வீடுகள் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன. அவர்களும் படித்துவிட்டுப் போகட்டும்.

நீ ஊதாரி இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தில் லாட்டரி நம்பர் எடுத்த காசும் இல்லை, குடித்த காசும் இல்லை. சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வீட்டில் ஒரு சம்பளம் நின்றது. பெம்பர்ஸ், பால் மாவு, ஈப்போவுக்குப் போய்வர எண்ணெய் என்று செலவு ஏறியது. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான் (ரிங்கிட்), ஆனால் அந்த 5 வெள்ளிக்குப் போய்வருவதற்குள் அன்றைய ஓவர்டைம் போய்விடுகிறது. எந்த வீடாக இருந்தாலும் ஆடித்தான் போகும்.

எனக்கு உறுத்துவது நீ பணம் கட்டும் வரிசை. சம்பளம் வந்த அன்றே முக்குக் கடைக்காரருக்கு 300 வெள்ளி. மறுநாள் கூட்டுக்கு, அதாவது சீட்டுப் பணத்துக்கு, 200. அப்புறம் பட்டறை முதலாளியிடம் வாங்கிய கைமாற்றுக்கு 200. மூன்றுமே வட்டியில்லாத பணம். காருக்கு 520, வங்கிக் கடனுக்கு 467, கிரெடிட் கார்டுக்கு 400, அடகு வட்டிக்கு 80 எல்லாம் மாதம் முழுக்க இழுத்துக்கொண்டே போகின்றன. கூட்டிப் பார்த்தேன்: 2,167 வெள்ளி. கையில் வருவது 2,900. மிச்சத்தில் நாலு பேர் சாப்பிட வேண்டும்.

ஏன் இந்த வரிசை என்று எனக்குப் புரியாமல் இல்லை. கடைக்காரரைத் தினமும் காலையில் பார்க்க வேண்டும். கூட்டு பிடிக்கிற அக்கா கோயிலில் எதிரே வந்து நிற்பார். வங்கிக்கு முகம் கிடையாது. வெட்கம் போட்ட வரிசை இது, தம்பி. வட்டியைப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும்.

கார்டை எடுத்துக்கொள். பாக்கி 8,000 வெள்ளி. நீ அடிக்கடி தவணை தவறியதால் ஆண்டுக்கு 18 விழுக்காடு போடுகிறார்கள்; பன்னிரண்டு மாதம் தொடர்ந்து ஒழுங்காகக் கட்டுபவர்களுக்கு 15. மாதம் 120 வெள்ளி வட்டிக்கே போகிறது. குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு என்று நீ 400 கட்டுகிறாய், சரி, 280 அசலில் குறைய வேண்டும். ஆனால் அதே வாரம் பேரங்காடியில் அரிசிக்கும் பெம்பர்ஸுக்கும் 300 வெள்ளிக்குக் கார்டைத் தேய்க்கிறாய். "கட்டிக்கிட்டே இருக்கேன், குறையவே மாட்டேங்குதுக்கா" என்றாயே, காரணம் இதுதான். கடைக்காரருக்கு 300 முழுசாகக் கொடுத்துவிட்டு, அரிசிக்குக் காசில்லாமல் கார்டைத் தேய்த்தால், வட்டியில்லாக் கடனை எடுத்து 18 விழுக்காட்டில் போட்ட மாதிரிதான்.

கடைக்காரரை ஏய்க்கச் சொல்லவில்லை. வங்கி கையை விரித்த மாதத்திலும் அரிசி கொடுத்தவர் அவர். நேரில் போய், "அண்ணே, அப்பா நிலைமை இப்படி. இனி மாதம் 100 தவறாமல் தருகிறேன், கார்டு முடிந்ததும் கூட்டித் தருகிறேன்" என்று சொல். தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிய காலத்திலிருந்து நம் ஆட்களின் சம்பளத் தேதி பார்த்துக் கடன் கொடுத்துப் பழகியவர். சொன்ன தேதியில் சொன்ன காசு வந்தால் அவருக்குப் போதும். பட்டறை முதலாளியிடமும் இதையே சொல்லி 100 ஆக்கு. இந்த இரண்டிலும் மிஞ்சும் 300 வெள்ளியில் ரொக்கமாக அரிசி வாங்கு. கார்டை என்னிடம் கொடுத்துவிடு, நான் பீரோவில் வைத்துக்கொள்கிறேன்.

கூட்டு வேறு விஷயம். 1971-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள், ஆனால் நம் தாமான் குடியிருப்பில் அது நின்ற பாடில்லை. நீ முன்னாலேயே எடுத்துவிட்டாய். மிச்ச மாதங்களை நீ கட்டாவிட்டால் அந்த அக்காதான் கையிலிருந்து போட வேண்டும். அதைக் கட்டி முடி. அடுத்த கூட்டில் பேர் கொடுக்காதே, தீபாவளிச் செலவுக்கு என்று யார் வந்து கூப்பிட்டாலும்.

தங்கச்சி படிப்புக்கு வருகிறேன். "பிடிபிடிஎன் கடனெல்லாம் வேண்டாம், அண்ணன் நான் இருக்கேன்" என்று நீ சொன்னதைச் சித்தி பெருமையாகச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த அரசாங்கப் படிப்புக் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் கட்டணம். படித்து முடித்த பிறகுதான் கட்ட ஆரம்பிக்க வேண்டும். அதைத் தவிர்க்க நீ கார்டில் அவளுக்குக் கட்டணம் கட்டுகிறாய். அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, இந்தச் செமஸ்டரே விண்ணப்பிக்கச் சொல். அவள் பேரில் கடன் இருப்பது உனக்கு அவமானம் என்றால், அவள் வேலைக்குப் போன பிறகு அதைக் கட்ட உதவு. யார் வேண்டாம் என்றது?

அடுத்தது நகை. சித்தியின் சங்கிலிக்கு 2,500, இரண்டு வளையலுக்கு 1,500. அடகுக்கடையில் மாதம் 2 விழுக்காடு என்பது சிறிய எண் மாதிரித் தெரியும். ஆண்டுக்கு 24 ஆகிறது, கார்டைவிட அதிகம். மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறாய். வைத்த காலத்துத் தங்க விலை வேறு, இன்றைய விலை வேறு. என் யோசனை உனக்குப் பிடிக்காது: வளையலை விற்றுவிடு. அது தனிச் சீட்டு என்பதால் மீட்க 1,500 வெள்ளியை நான் தருகிறேன், விற்றதும் திருப்பிக் கொடு. மிச்சத்தைச் சங்கிலியின் அசலில் போடு. அப்புறமும் பாக்கி நின்றால் சங்கிலியை அர்-ரஹ்னுவுக்கு மாற்று. இஸ்லாமிய முறை அடகு என்றாலும் நம் ஆட்களும் வைக்கலாம், பாதுகாப்புக் கட்டணம் அடகுக்கடை வட்டியைவிடக் குறைவு. "அம்மாவுக்குத் தெரியக்கூடாது" என்று எழுதியிருந்தாய். சித்திக்கு எல்லாம் தெரியும். வளையல் போனால் போகட்டும், சங்கிலி வந்தால் போதும் என்று போன மாதமே என்னிடம் சொல்லிவிட்டார். நீ வருத்தப்படுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காரில் மட்டும் விளையாடாதே. அது இல்லாவிட்டால் ஈப்போ வேலையும் இல்லை, சித்தப்பாவுக்கு மருத்துவமனையும் இல்லை. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் 21 நாள் நோட்டீஸ் அனுப்பிவிட்டு இழுத்துக்கொண்டு போகச் சட்டம் இடம் கொடுக்கிறது. முக்கால்வாசி கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும், நீ இன்னும் பாதிகூட வரவில்லை. சம்பளம் வந்ததும் முதல் காசு காருக்குப் போகட்டும்.

வங்கியில் வாங்கிய 20,000-க்கு 8 விழுக்காடு என்றுதான் உனக்குச் சொன்னார்கள், இல்லையா? நீ அசலைக் கட்டிக் குறைத்தாலும் ஐந்து வருடமும் முழு 20,000-க்கே வட்டி போட்ட கணக்கு அது. உண்மையில் ஏறக்குறைய 14 விழுக்காடு. அதையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே-வுக்குப் போ. 2006-இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கியது, ஈப்போவிலும் அலுவலகம் இருக்கிறது. ஒரு காசு வாங்க மாட்டார்கள். வங்கிகளோடு அவர்களே பேசி, மாதத் தவணையை உன் வருமானத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றித் தருவார்கள். அது முடியும்வரை புதுக்கடன் கிடைக்காது. உனக்கு அது நல்லதுதான். செலவு போக மாதம் ஏதாவது மிஞ்சினால்தான் அவர்களால் திட்டம் போட முடியும். ஆகவே எல்லாம் முட்டி நின்ற பிறகு போகாதே, இந்த மாதமே போ. பேஸ்புக்கில் "உங்கள் கடனைக் குறைத்துத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்பவர்கள் யாரும் ஏகேபிகே ஆட்கள் இல்லை.

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும், உரிமமில்லாத வட்டிக்காரன் ஆலோங்கின் நம்பரை நீ போனில் சேமித்து வைத்திருப்பதாகத் தங்கச்சி சொன்னாள். அழித்துவிடு. உரிமம் உள்ள வட்டிக்கடைக்காரர்களே அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். ஆலோங் அதை ஒரே மாதத்தில் வாங்குவான். ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் கேட்கிற எவனிடமும் பேச்சு வைத்துக்கொள்ளாதே.

இப்போது சித்தப்பா விஷயம். உண்மையைச் சொன்னால், இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும்விட அவசரமானது இதுதான். நீ யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று புத்தகம் நிறைய எழுதியிருக்கிறாய். உங்கள் வீட்டுக்கு வர வேண்டியதை ஒரு வரிகூட எழுதவில்லை. சித்தப்பா செம்பனைக் காட்டில் குலை வெட்டியபோதும், அப்புறம் காவலாளியாக ஜாகா வேலை பார்த்தபோதும் சம்பளத்தில், தொழிலாளர் சமூகக் காப்பு நிதியான சொக்சோவுக்குப் பிடித்தார்கள். அது வேலையில் அடிபட்டால் மட்டும் கிடைக்கும் பணம் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நோயால் முடங்கியவர்களுக்கும் அதில் மாத ஓய்வூதியம் உண்டு. வழக்கமாகச் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். கடைசி 40 மாதத்தில் 24 மாதச் சந்தா இருந்தால் முழு ஓய்வூதியம், குறைவாக இருந்தாலும் வேறு கணக்கு இருக்கிறது. 60 வயதுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அதற்கு அப்புறம் போனால், நோய் முன்னாலேயே வந்தது என்று நிரூபிக்கும் பாடு நம்முடையது. சித்தப்பாவுக்கு 58 ஆகிறது. வலது கை தூக்க முடியாத மனிதரை "கொஞ்சம் தேறட்டும், பார்க்கலாம்" என்று இத்தனை மாதம் உட்கார வைத்திருக்கிறீர்கள். விண்ணப்பித்த பிறகும் தேறலாம், தடையில்லை.

சேமநிதியிலும் உடல் முடியாதவர்கள் முழுப் பணத்தையும் எடுக்க வழி உண்டு. எடுக்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் உன் கார்டைக் கட்டாதே. சித்தப்பாவே சொன்னாலும் வாங்காதே, அவர் சொல்லுவார். அவருக்கும் சித்திக்கும் கடைசிக் காலம்வரை இருப்பது அது ஒன்றுதான். உன் கடனை அடைக்க உனக்கு இன்னும் வயதிருக்கிறது.

இன்னொன்று, சும்மா நினைவுக்கு வந்தது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தொழிலாளர்கள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். தாத்தாவும் வாங்கினார் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரிய தொகை எதிர்பார்க்காதே. ஆனாலும் சித்தியின் தகரப் பெட்டியில் பழைய பங்குப் புத்தகம் கிடக்கிறதா பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. அடகுச் சீட்டு இரண்டு, கார்டு பில், வங்கிக் கடன் ஒப்பந்தம், சித்தப்பாவின் அடையாள அட்டை, மருத்துவமனைக் கடிதங்கள், ஜாகா கம்பெனியின் கடைசிச் சம்பளச் சீட்டுகள், எல்லாவற்றையும் எடுத்து வா. சொக்சோ பாரத்தை நான் அச்சடித்து வைக்கிறேன். திங்கட்கிழமை ஒரு நாள் லீவு போடு, இரண்டு பேரும் போய்க் கொடுத்துவிட்டு வருவோம். ஜோகூரில் இருக்கிற உன் அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். கேட்டால் மாதம் 200 அனுப்ப அவனால் முடியும், இதுவரை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

அன்புடன்,
பெரியப்பா வீட்டு அக்கா