பாஸ்வேர்டைக் கடையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில், தாலுகா ஆபீஸுக்கு எதிரே 17 வருஷமாக ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் நடத்தி வருகிறேன். மூன்று கம்ப்யூட்டர், இரண்டு ஜெராக்ஸ் மெஷின், நானும் ஒரு பையனும், அவ்வளவுதான் கடை.

போன மாதம் கோயில் வாசலில் சுண்டல் வாங்கினேன். தின்று முடித்துக் காகிதத்தைக் கசக்கப் போனபோது அதில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. விரித்துப் பார்த்தால் ஆதார் நகல். கறுப்புக் கோடு விழுந்து பாழாய்ப்போன பிரிண்ட்தான், ஆனால் 12 இலக்க எண்ணும் பிறந்த தேதியும் அப்படியே தெளிவாக இருந்தன. ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடையில் வேஸ்ட் என்று போட்டது, பழைய பேப்பர் கடைக்குப் போய் அங்கிருந்து சுண்டல்காரர் கைக்கு வந்திருக்கிறது. என் கடையிலிருந்தேகூட வந்திருக்கலாம், ஏனென்றால் அதுவரை நானும் கெட்டுப்போன பிரிண்டையெல்லாம் மூட்டை கட்டிக் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று போலீஸும் பேங்க்கும் உங்கள் பத்திரிகையும் சொல்லாத நாள் இல்லை. நல்ல அறிவுரைதான். ஆனால் என் கடைக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். "எழுதிக்கோங்க தம்பி, நாலு, எட்டு, ஏழு..." என்று பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி சொல்கிறார்கள். சிலர் போனையே மேஜையில் வைத்துவிட்டு, "நீங்களே பாத்துக்கோங்க, நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று போய்விடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, வருமானச் சான்றிதழில் ஆரம்பித்துப் பென்ஷன் வரை எல்லாம் ஆன்லைனில்தான், ஓ.டி.பி. சொன்னால்தான் வேலையே நகரும். சொந்த லேப்டாப் வைத்திருப்பவருக்குச் சொல்கிற அறிவுரையை அப்படியே எடுத்து இவர்களிடம் கொடுத்தால் அது எப்படி உதவும்? இவர்களுக்கு வேறு மாதிரி சொல்ல வேண்டும், என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பக்கத்துக் கிராமத்துப் பொண்ணு ஒருத்தி, பிளஸ் டூவில் நல்ல மார்க், இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் அவள் சுற்று வந்துவிட்டது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்திப் பதிவு செய்ய அவர்களுக்குக் கொடுப்பதே சில நாட்கள்தான். அது முடிவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பாவோடு என் கடைக்கு வந்தாள். பாஸ்வேர்டு என்னம்மா என்று கேட்டால், "அது அந்த சென்டர்ல போட்டாங்க சார், எங்களுக்குத் தெரியாது" என்கிறாள். விண்ணப்பம் போட்டது வேறொரு ஊரில் உள்ள சென்டர், அது மூடிக் கிடக்கிறது. சரி, புது பாஸ்வேர்டு மாற்றலாம் என்று முயன்றால் ஓ.டி.பி. எங்கேயோ போகிறது. கடைசி இரண்டு எண்ணைப் பார்த்துவிட்டு அவள் அப்பா, "இது எங்க நம்பர் இல்லையே" என்றார். அந்த சென்டரில் வேலை பார்த்த பையன் அவசரத்துக்குத் தன் நம்பரையே கொடுத்து, தானே ஒரு இமெயிலும் உருவாக்கிப் போட்டுவிட்டு, அப்புறம் வேலையை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். ஒவ்வொருவராகக் கேட்டு அவன் நம்பரைப் பிடித்து, ஷிஃப்ட் முடிந்து அவன் போனை எடுத்து ஓ.டி.பி.யைச் சொல்லும்போது ராத்திரி மணி ஒன்பதரை. அந்த மூன்று மணி நேரமும் அவள் அப்பா கடை வாசலில் செருப்பைக்கூடப் போடாமல் நடந்துகொண்டே இருந்தார். அந்தப் பையன் நல்லவன், மோசம் செய்யவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால்?

அதனால் பெற்றோர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், பிள்ளைக்கு இமெயில் உருவாக்கும்போது உங்கள் வீட்டு நம்பரைத்தான் கொடுக்க வேண்டும், பாஸ்வேர்டைப் பிள்ளையே டைப் செய்ய வேண்டும், அப்போது கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். டைப் செய்ய அஞ்சு நிமிஷம் கூட ஆனாலும் பரவாயில்லை. வீட்டுக்குப் போய் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். எழுதி வைக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள், ஆனால் உங்கள் பீரோவில் இருக்கும் நோட்டு என் கடைப் பையனின் ஞாபகத்தை விட ஆயிரம் மடங்கு பத்திரம்.

அடுத்தது வாட்ஸ்அப். பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டு, பிரிண்ட் கைக்கு வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். ஒருநாள் காலையில் கடையைத் திறந்து மெஷினைப் போட்டால் யாரோ ஒரு அம்மாவின் மெசேஜ்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், நகையை அடகு வைக்கலாமா வேண்டாமா என்று வீட்டுக்குள் பேசிக்கொள்கிற பேச்சு. கண்ணில் பட்டதும் லாக் அவுட் செய்துவிட்டேன், ஆனால் பட்டது பட்டதுதான். நாம் கிளம்பியதும் அது தானாக மூடிக்கொள்ளும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மூடாது. நாமாகத் துண்டிக்காவிட்டால், நம் போன் அணைந்து கிடந்தாலும்கூட அந்த இணைப்பு பல நாள் உயிரோடு இருக்கும். போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்துக்குப் போனால் எந்தெந்த கம்ப்யூட்டரில் திறந்து கிடக்கிறது என்று காட்டும், அங்கேயே துண்டிக்கலாம். இதைப் படிக்கிறவர்கள் இப்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டவுன்லோட் ஃபோல்டர் இன்னொரு குப்பைத்தொட்டி. பேங்க் ஸ்டேட்மென்ட், மார்க் ஷீட், மெடிக்கல் ரிப்போர்ட், ஆதார், பட்டா எல்லாம் கிடக்கும். பார்த்த விவரத்தைச் சேமிக்காத இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்தால் எதுவும் தங்காது என்று படித்த பிள்ளைகளே நினைக்கிறார்கள், இறக்கிய ஃபைல் அதிலும் தங்கத்தான் செய்யும். ஆதார் பி.டி.எஃப்.புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அந்தப் பாஸ்வேர்டு, அது ஊருக்கே தெரியும்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிக்கை விட்டது. ஆதார் நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள், பொது கம்ப்யூட்டரில் இறக்கினால் அழித்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லி இரண்டே நாளில் மத்திய அரசு அதை வாபஸ் வாங்கிவிட்டது. வாபஸ் வாங்கியிருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து, கடையில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பாகத் தெரியவில்லை. அந்த மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் வெப்சைட்டில் இப்போதும் இலவசமாக இறக்கலாம், ஆனால் இதுவரை அதைக் கேட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆதாரில் உள்ள நம் கைரேகையை வேறு யாரும் பயன்படுத்தாதபடி பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள மத்திய அரசின் சஞ்சார் சாத்தி என்ற வெப்சைட் இருக்கிறது. என் மாமனாருக்குப் பார்த்துக் கொடுத்தேன், அவர் வாங்காத ஒரு நம்பர் அவர் பெயரில் இருந்தது, அதிலேயே புகார் கொடுத்தோம்.

இப்போது புதிதாக வருகிற தொல்லை, கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபைல். வண்டி அபராதம் என்றும் வரும், விவசாயிகள் உதவித்தொகை என்றும் வரும். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். எங்கள் தெரு பலசரக்குக் கடை அண்ணாச்சி அப்படி ஒன்றைத் திறந்தார். பத்திரிகை எதுவும் தெரியவில்லை, போன் சூடாகிறது என்று என்னிடம் கொண்டுவந்தார். வாங்கிப் பார்த்தால் ஃபைல் பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருக்கிறது. பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ இருக்கும். ஏ.பி.கே. என்றால் அது ஒரு ஆப், இப்படி வருகிற ஆப் போனுக்குள் உட்கார்ந்து நமக்கு வருகிற ஓ.டி.பி. மெசேஜை எல்லாம் திருடனுக்கு அனுப்பும். அவர் என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே 38,000 ரூபாய் போய்விட்டது. உடனே நெட்டை அணைத்துவிட்டு, என் போனிலிருந்து சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடித்தோம், பேங்க்குக்கும் சொன்னோம், சைபர் கிரைம் வெப்சைட்டிலும் பதிவு செய்தோம். ஒரு பகுதியை நிறுத்திவைக்க முடிந்தது. வீட்டில் திட்டுவார்களே என்று நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கு என்று தாவிக்கொண்டே இருக்கும், அது வெளியே எடுக்கப்படும் முன் பிடித்தால்தான் உண்டு. 1930 என்ற நம்பரை எல்லோரும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், என் தொழிலில் இருப்பவர்களுக்காக. எட்டு வருஷம் கழுத்து வலியோடு திரிந்தேன், தைலம் தேய்த்தேன், தலையணையை மாற்றினேன். கடைசியில் பிசியோதெரபி செய்கிற தம்பி கடைக்கே வந்து நான் உட்காரும் விதத்தைப் பார்த்துவிட்டு இரண்டு காரணம் சொன்னார். டைப் செய்ய வேண்டிய பேப்பரை இடது பக்கம் மேஜையில் படுக்கப் போட்டு நாள் முழுக்கக் குனிந்து குனிந்து பார்க்கிறேன், ஒன்று. இன்னொன்று என் கண்ணாடி. இரட்டைப் பார்வைக் கண்ணாடியில் கிட்டத்தில் பார்க்கும் பகுதி கீழே இருக்கிறது, அதனால் ஸ்கிரீனைப் பார்க்கத் தாடையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறேன். பேப்பரை ஸ்கிரீனுக்குப் பக்கத்திலேயே நிமிர்த்தி வைக்க ஒரு ஸ்டாண்ட் செய்தேன், கண் டாக்டரிடம் சொல்லிக் கம்ப்யூட்டர் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி வாங்கினேன், ஸ்கிரீனையும் கொஞ்சம் இறக்கினேன். மூன்று மாதத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தது. கண் எரிச்சலுக்கு டாக்டர் சொன்னது, ஸ்கிரீனைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துபோகிறதாம், 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொன்னார். நான் எதிரே தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தைப் பார்க்கிறேன்.

கடைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தது, அது ஏதோ பெரிய கம்பெனிகளுக்கு என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் கையில் இருக்கும் தகவலும் மற்றவர்கள் நம்பிக் கொடுத்ததுதானே. சுண்டல் காகிதத்தைப் பார்த்த மறுநாளே நான் கையால் சுற்றும் காகிதம் வெட்டும் மெஷின் ஒன்று வாங்கினேன். கெட்ட பிரிண்ட் எல்லாம் இப்போது அதில்தான் போகிறது. ராத்திரி கடை சாத்தும் முன் மூன்று மெஷினிலும் டவுன்லோட் ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறோம், பிரவுசரில் பாஸ்வேர்டு சேமிக்கும் வசதியை அணைத்துவிட்டோம். வேலை முடிந்ததும் மவுஸை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, "உங்க ஃபைலை நீங்களே அழிச்சிடுங்க" என்கிறோம். முதலில் கூச்சப்பட்டார்கள், இப்போது அவர்களே கேட்டு வாங்கி அழிக்கிறார்கள்.

அரசு இ-சேவை மையங்களில் கட்டண விவரம் எழுதிய போர்டு இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, உங்கள் நம்பரைத்தான் கொடுங்கள், பாஸ்வேர்டை நீங்களே போடுங்கள், போகும் முன் அழித்துவிட்டுப் போங்கள், பணம் போனால் 1930 என்று பெரிய எழுத்தில் நாலு வரி எழுத மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். எங்களைப் போன்ற தனியார் கடைகளுக்கும் அந்த போர்டைக் கொடுத்தால் மாட்டிவைக்கத் தயாராக இருக்கிறோம். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்குள் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
தென்காசி மாவட்டம்