ஆண்டறிக்கை 2025 – பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டத்தின் எமரால்டு, குந்தா வட்டாரத்தில் காட்டுயிர்களுக்கும் அருகிவரும் தாவரங்களுக்கும் பாடுபட்டு வரும் நமது சங்கத்தின் 2025-ஆம் ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். போன ஆண்டு கொடுத்த நகல்களில் பாதிக்கு மேல் நாற்காலியிலேயே கிடந்ததாகக் கூடத்தைப் பூட்டியவர் சொன்னார். அதனால் இம்முறை நகல் எடுக்கவில்லை. அந்தச் செலவு மிச்சம்.

குடியரசு தினத்தன்று தலைவர் கொடியேற்றினார். பிப்ரவரியில் காட்டுத்தீ விழிப்புணர்வு ஊர்வலம் நடந்தது, மாணவர்கள் திரளாக வந்தார்கள். மே கடைசியில் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டதால் சாலையோர நெகிழி அகற்றும் பணி தள்ளிப்போய், மழை விட்டபின் நடந்தது. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில் கட்டுரைப் போட்டி; பரிசுப் புத்தகங்களைத் துணைத் தலைவர் வழங்கினார். செப்டம்பர் முதல் சனிக்கிழமை பாறு கழுகு (பிணந்தின்னிக் கழுகு) தினத்தை ஒட்டி மாடு வளர்ப்போரிடம் துண்டறிக்கை கொடுத்தோம். மாட்டுக்கு வலி மருந்தாக டைக்ளோஃபெனாக் 2006-இலேயே தடையானது, கீட்டோப்ரோஃபெனும் ஏசிக்ளோஃபெனாக்கும் 2023-இல் தடையாயின. இந்த மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்னும் பாறு சிறுநீரகம் கெட்டுச் சாகிறது. பாறுகள் இருப்பது மலைக்குக் கீழே சீகூர், மாயாறு பக்கம்தானே, நமக்கென்ன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். மாட்டு வியாபாரிகள் மலைக்கு மேலும் கீழும் போய் வருகிறவர்கள் என்பதே பதில்.

அக்டோபர் 7 வரையாடு தினம். 1975-இல் வரையாட்டைப் பற்றி முன்னோடி ஆய்வு செய்த, நம் மாவட்டத்து வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார் நினைவாக அரசு கொண்டாடும் நாள் அது. நாமும் கூட்டம் போட்டோம். தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் இருந்தன, 2025-இல் 1,303. கேரளத்தையும் சேர்த்தால் 2,668. கூடுதல் இடங்களில் எண்ணினார்கள் என்பதையும் மனத்தில் வைத்துத்தான் இந்த எண்ணைக் கொண்டாட வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்கள் கை தட்டினார்கள். இரண்டு மாநிலத்து மலைகள் முழுக்கத் தேடியும் மூவாயிரத்தைத் தொடாத ஓர் உயிரினத்துக்கு அவ்வளவு பலமாகக் கை தட்ட வேண்டுமா என்பது என் சொந்தக் கருத்து.

இனி நமது புல் நாற்றங்கால். இதைப் பற்றி விரிவாகவே சொல்லியாக வேண்டும். சென்ற பொதுக்குழுவில் "புல் வளர்க்க ஒரு சங்கம், அதற்கு ஒரு செயலாளர்" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. சிரித்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை.

வரையாடு புல்வெளி விலங்கு. மேய்வதற்குத் திறந்த புல்வெளி வேண்டும், சிறுத்தையோ செந்நாயோ வந்தால் ஓடி ஏறப் பாறை விளிம்பு வேண்டும். நீலகிரி நெட்டைக்காலிக் குருவி புல்லுக்குள்தான் கூடு கட்டுகிறது. நீலக்குறிஞ்சி பூப்பதும் புல்வெளிச் சரிவில்தான். அந்தக் குறிஞ்சியை 2024-இல் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயமுள்ள தாவரமாகச் சேர்த்திருக்கிறார்கள். 2018-இல் பூத்தது, அடுத்து 2030 என்று ஆளாளுக்கு இப்போதே அறை முன்பதிவு செய்வதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதுவரை அந்தச் சரிவு சரிவாக இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் நம் முன்னோர் காலத்தில் சர்க்கார் நட்ட சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அவலாஞ்சி, மேல்பவானி வரை மலையை மூடிக் கிடக்கின்றன. சீகையை வெட்டினால் போதும் என்று நினைப்பது பெரிய ஏமாற்று. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். ஒரு தீ பட்டால் அத்தனையும் ஒன்றாக முளைக்கும். வெட்டிய இடம் வெறுமனே கிடந்தால் சீகை திரும்ப வரும், அல்லது ஸ்காட்ச் புரூம் என்ற அந்நியப் புதர் மஞ்சளாகப் பூத்துக்கொண்டு வந்து உட்காரும். அந்த இடத்தில் நம் மலைப் புல்லைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நாற்றங்கால் அதற்காகத்தான்.

வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காப்புக் காட்டில் கை வைக்க முடியாது. சாலை அகலப்படுத்த வெட்டிய சரிவுகளிலும், உரிமையாளர் சம்மதித்த பட்டா நிலங்களிலும் மண்வெட்டியில் அள்ளிக் குப்பைக்குப் போகவிருந்த புல் தூர்களைத்தான் எடுத்து வந்தோம். மண்ணை உதறி, தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, வேரையும் விரல் நீளத்துக்குக் குறைத்து, நான்கைந்து கிளைப்புகள் உள்ள கொத்துகளாகப் பிரித்துப் பையில் வைக்க வேண்டும். கொத்து சிறிதானால் பிழைக்காது. பெரிதாக விட்டால் தூர் வீணாகும். மழைக்கு முன் வைத்தது நன்றாகப் பிடித்தது. டிசம்பர் உறைபனியில் எல்லாம் பழுத்துக் காய்ந்து போய்விட்டதாக ஒரு செயற்குழு உறுப்பினர் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மலைப் புல் பனியில் காயும், தூர் சாகாது, மழை பட்டதும் துளிர்க்கும். சோலைக் காட்டு மரக் கன்றுதான் திறந்தவெளிப் பனியில் கருகிச் சாகும். அதனாலேயே மடிப்பில் சோலை, மேட்டில் புல் என இந்த மலை காலங்காலமாகப் பிரிந்து கிடக்கிறது. இது அவருக்கும் தெரியும். படத்துக்கு விழுந்த சிரிப்புக் குறிகளில் பாதியாவது நாற்றங்காலுக்கு நேரில் வந்திருந்தால் பைகள் நிரம்பியிருக்கும்.

தனியாக ஒரு தொட்டியில் சதுப்புப் புல் ஒன்றையும் வைத்திருக்கிறோம். தோடர்கள் தங்கள் கோயில் கூரை வேய எடுக்கும் புல். நீலகிரிச் சதுப்பில் மட்டும்தான் வளரும்; சதுப்புகளில் கால்வாய் வெட்டிக் காய்கறி போட்டதில் அருகிப் போனது. கோவை வேளாண் கல்லூரியில் பாடம் சொன்ன ரங்காச்சாரியின் பெயரையே தாவரவியலார் அதற்கு வைத்திருக்கிறார்கள். தோடர் குடியிருப்பான மந்திலிருந்து வந்த ஒரு பெரியவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, இலையை இரண்டு விரலில் உருவி, "தண்ணி பத்தாது, கால் முழுகணும்" என்றார். அன்றே தொட்டியின் ஓட்டையை அடைத்தோம். இப்போது நன்றாக இருக்கிறது.

நிறுவன நன்கொடை விவகாரத்துக்கும் இங்கேயே விளக்கம் தந்துவிடுகிறேன், ஏனென்றால் வெளியே பலவிதமாகப் பேசப்படுகிறது. சமவெளியைச் சேர்ந்த ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரே நாளில் பெருந்திரளாக மரக்கன்று நடும் விழா நடத்த நம்மை அணுகியது உண்மை. பேனர், தொப்பி, மதிய உணவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடம் மட்டும் நாம் காட்ட வேண்டும். அவர்கள் கேட்டது ஊருக்கு மேலே உள்ள புல் மேடு, "காலியாகக் கிடக்கிறதே" என்றார்கள். சங்கத்தின் சார்பில் மறுத்தவன் நான்தான், செயற்குழுவிலும் ஒருமனதாக இல்லை. நம் மாவட்டத்து க்ளென்மார்கனில் உதகை மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் அளந்து பார்த்ததில், புல்வெளியில் கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்பில், நட்டு வெட்டும் முதல் சுற்றிலேயே நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. நம் ஊர்க் கிணறுகளும் ஓடைகளும் அந்த மேட்டை நம்பித்தான் இருக்கின்றன. அந்த நிதி வந்திருந்தால் சங்கத்துக்குக் கட்டடம் வந்திருக்கும் என்று சொல்பவர்கள், கட்டடத்துக்குக் குடிநீர் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதே காரணத்துக்காகவே கோடை முழுக்க உறுப்பினர்களைக் களையெடுக்க அழைத்தேன். இளம் சீகையைக் கையால் பிடுங்க மழைக்குப் பிந்தைய ஈர மண்தான் ஏற்றது, அப்போதும் அழைத்தேன். குழுவில் கட்டை விரல்கள் உயர்ந்தன. காலை ஏழரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் எப்போதும் அதே ஆறேழு பேர். அதில் இருவர் சங்க உறுப்பினர்களே அல்ல, ஓர் உறுப்பினர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த பிள்ளைகள். கேரட் அறுவடை, கல்யாணம், காரியம், காட்டுமாடு வழியில் நின்றது என எல்லாக் காரணமும் நியாயமானதே. ஆனால் நெகிழி அகற்றும் நாளில் பத்திரிகை நிருபர் வருவதாகத் தெரிந்தபோது காட்டுமாடு யாரையும் மறிக்கவில்லை.

சந்தா. உறுப்பினர் பட்டியலில் 74 பேர். ஆண்டுச் சந்தா முந்நூறு ரூபாய். மாவட்டத்துக்குள் வர இ-பாஸ் எடுக்கும் சுற்றுலாப் பயணி ஒரு வேளை வறுத்த மீனுக்குக் கொடுக்கும் தொகை. நடப்பாண்டு கட்டியவர்கள் பாதியைத் தொடவில்லை. மூன்றாண்டு நிலுவை உள்ளவர்களும் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் இன்று முன்வரிசையில் அமர்ந்து கணக்கு கேட்கக் காத்திருக்கிறார்கள். சட்டதிட்டப்படி அவர்களுக்கு வாக்குரிமை உண்டா என்பதைத் தலைவர் முடிவு செய்வார்.

வரவு செலவை உறுப்பினர்கள் பார்வைக்குப் பொருளாளர் வைத்திருக்கிறார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். சிறு தொகை கையிருப்பு உண்டு. நாற்றங்காலுக்கு ஆன செலவு "இதர இனங்கள்" தலைப்பில் வருகிறது. பை, சல்லடை, பூவாளி, நிழல்வலை ஆகியவற்றுக்கு ரசீது இருக்கிறது. கூலிக்கு இல்லை, ஏனென்றால் கூலி கொடுக்கவில்லை. தணிக்கையாளர் இரண்டு இடங்களில் விளக்கம் கேட்டார், கொடுக்கப்பட்டது.

நன்றி கூற வேண்டியவர்கள்: கூடத்தை வாடகையின்றித் தந்த ஊர்ப் பெரியவர்கள், ஒத்துழைத்த வனத்துறையினர், பள்ளித் தலைமையாசிரியர்கள், ஒலிபெருக்கி தந்த நண்பர், தேநீர் வழங்கிய மகளிர் குழு, நாற்றங்காலுக்கு வீட்டுப் பின்புறத்தை விட்டுக்கொடுத்த உறுப்பினரும் அவர் துணைவியாரும். விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

வரும் ஆண்டைப் பற்றி. வளர்ந்த புல் கொத்துகளை மழைக்கு முன், சீகை அகற்றிய சரிவில் நட அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். கிடைத்தால் ஜூனுக்குள் ஆட்கள் தேவை, நிறையத் தேவை. கிடைக்காவிட்டாலும் பைகளைப் பராமரிக்க வேண்டும். ஊருக்குள் வேலியோரம் தவிட்டுப்பழம், விக்கிப்பழம் நடக் கன்றுகள் கேட்டிருக்கும் வீடுகளுக்கும் கொடுக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் பள்ளி விட்டு வரும் வழியில் பிள்ளைகள் தின்ற பழங்கள், இப்போது தேடித்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

செயலாளர் பதவிக்கு நான் மறுபடி நிற்பதாக யாரிடமும் சொல்லவில்லை. நிற்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரண்டு தவணை பார்த்தாயிற்று, உடம்பும் முன்போல் இல்லை, வீட்டிலும் கேட்கிறார்கள். இளைஞர்கள் யாராவது முன்வந்தால் சாவியையும் தண்ணீர்க் குழாயையும் அன்றே ஒப்படைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். அவர் புல்லைத் தொடர்வார் என்ற உறுதி மட்டும் வேண்டும். பொதுக்குழு வேறு மாதிரி முடிவு செய்தால் அதற்கும் கட்டுப்படுகிறேன்.

வேட்பு மனுப் படிவம் பொருளாளரிடம் இருக்கிறது. ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில், தேநீர்க் குவளைகளுக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்