காலரா கிருமியைக் கொட்டிவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்காவது வாந்திபேதி பரவினால், குழாயில் சாக்கடை கலந்தது, குளோரின் போட்டார்கள், இத்தனை பேர் ஆஸ்பத்திரியில் என்று செய்தி வருகிறது. காரைக்காலில் 2022 ஜூலையில் சுகாதார அவசரநிலை அறிவித்தபோதும் நான் பேப்பரில் தேடியது வேறொன்றை: வந்தது எந்த வகைக் காலரா?

1992 கடைசியில் மெட்ராஸில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். கழுநீர் மாதிரி போகிறது என்று வந்தவர்களில் பெரியவர்கள்தான் அதிகம். காலரா கிருமியை வளர்க்கும் டிசிபிஎஸ் தட்டில் மஞ்சள் மஞ்சளாகக் காலரா கிருமிதான் வளர்ந்திருந்தது. அதில் ஒரு பொட்டு எடுத்து, ஸ்லைடில் ஓ1 ஆன்டிசீரத்தோடு (கொள்ளைநோய் உண்டாக்கும் ஓ1 வகையை மட்டும் அடையாளம் காட்டும் திரவம்) கலந்து சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். அந்த வகை என்றால் ஒரு நிமிடத்துக்குள் பால் திரிந்தது போல ஆகிவிடும். அன்றைக்குத் திரியவே இல்லை. சீரம் கெட்டுவிட்டதோ என்று பழைய கிருமியை வைத்துப் பார்த்தேன், உடனே திரிந்தது. சரி, இது கொள்ளைநோய்க் காலரா இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். ஓ1 மட்டும்தான் கொள்ளைநோயாகப் பரவும் என்றுதான் பாடத்தில் படித்திருந்தோம். வார்டில் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

அதுதான் பிறகு ஓ139 என்று பெயர் வைத்த புது வகைக் காலரா. உள்ளே இருந்தது ஓ1-இன் ஒரு கிளையான பழைய எல் டோர் காலராதான், நஞ்சும் அதே நஞ்சுதான். மேலே இருக்கும் சர்க்கரைப் பூச்சைச் செய்யும் மரபணுத் துண்டு மட்டும் மொத்தமாக மாறியிருந்தது. அதனால் முன்பு காலரா வந்து எதிர்ப்புச் சக்தி பெற்றவர்களையும் அது விடவில்லை. சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் என்று போய்விட்டது.

அப்போது மெட்ராஸில் எடுத்த ஒரு கிருமியை யாரோ பத்திரமாக வைத்தார்கள். எம்ஓ10 என்று அதற்குப் பெயர். கோட்ரைமாக்சசோல் போன்ற மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் ஒரே மூட்டையாக ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை 1996-ல் அதில்தான் கண்டுபிடித்தார்கள். பிறகு ஓ1 காலராவிலும் அந்த மூட்டை வந்து உட்கார்ந்தது. ஹைத்தியில் 2010-ல் காலரா வந்தபோது, அது நேபாளத்திலிருந்து போனது என்று மரபணு வரிசையை ஒப்பிட்டு உறுதி செய்ய முடிந்ததும் நேபாளத்தில் அந்த வருடக் கிருமிகளை வைத்திருந்ததால்தான்.

எங்கள் லேபில் நாங்கள் எதையும் வைக்கவில்லை. தட்டுகளை ஆட்டோகிளேவில் (கிருமியைக் கொல்லும் நீராவிக் கலன்) வேகவைத்துக் கொட்டியவள் நான். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இப்போது அட்டைச் சோதனையில் சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் அட்டையில் இரண்டு கோடு வந்ததோடு நிறுத்தினால், கிருமி எப்படி மாறியிருக்கிறது, எந்த மருந்துக்கு அடங்காது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று எதுவும் தெரியாது. ஒவ்வொரு பரவலிலும் பத்து மாதிரியாவது வளர்த்து, மரபணு வரிசை பார்க்க அனுப்ப வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நிருபர்களும் அதிகாரிகளிடம் "கிருமியை எடுத்து வைத்தீர்களா?" என்று கேட்க வேண்டும். பாதுகாக்கப் பெரிய வசதி வேண்டாம். விரல் நீளக் குழாயில் அகாரை (கிருமி வளரும் ஜெல்லி) ஊற்றி, கிருமி தொட்ட கம்பியால் ஒரு குத்து, மூடியைச் சுற்றி மெழுகு. வெளிச்சம் படாத அலமாரியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
வியாசர்பாடி, சென்னை